ஊமையான கணிப்பொறி



மறைந்த என் அன்னையின் குரல் என் கணிப்பொறியில் ஒரு பதிவாக இருந்தது. அவர் நினைவு நாளன்று அதனைக் கேட்க விரும்பினேன். திரையில் நேரங்காட்டும் கோடு நகர்ந்தது. ஒலி மட்டும் எழவில்லை. பதிவே கெட்டுவிட்டதோ என்று நெஞ்சம் பதறியது.

அப்பொறியில் இயங்குவது லினக்ஸ். "வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடு" என்றார் உடனிருந்த நண்பர். நான் இணங்கவில்லை. அக்குரலுக்கு வேறு நகல் கிடையாது.

லினக்ஸில் ஒலி பல கைகள் மாறியே நம் செவிக்கு வருகிறது. அடியில் இருப்பது ஒலியட்டை. அதனை இயக்குவது ஆல்சா; 2003இல் வெளிவந்த கருவகத்தின் 2.6 பதிப்பிலிருந்து அதுவே அடித்தளம். ஆனால், பாட்டும் பேச்சும் மணியோசையும் ஒருங்கே வந்தால் அவற்றைக் கலந்து உரிய வாயிலுக்கு அனுப்ப மேலே ஒருவர் வேண்டுமன்றோ? அப்பணியை 2007இல் ஃபெடோரா 8 பல்ஸ்ஆடியோவிடம் ஒப்படைத்தது. 2021இல் ஃபெடோரா 34 அதனைப் பைப்வயருக்கு மாற்றியது. பல்ஸ்ஆடியோ வந்த புதிதில் பயனர் பட்ட பாடு கொஞ்சமன்று. மென்பொருள் இலவசம்; வசையும் இலவசமாகவே கிடைத்தது!

நான் அடியிலிருந்து தொடங்கினேன். முனையத்தில் 'ஏபிளே' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் 'எல்' என்னும் சின்ன எழுத்தும் இட்டேன். ஒலியட்டைகளின் பட்டியல் வந்தது. ஆகவே, பொறி அட்டையை அறிந்திருக்கிறது. அடுத்து 'ஆல்சாமிக்சர்'. அதில் ஒரு தூணின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் தெரிந்தால் அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது என்று பொருள். 'எம்' விசையை அழுத்தினால் திறந்துவிடும். பலருடைய துன்பம் இவ்விடத்திலேயே தீர்ந்துவிடுவதுண்டு. என் துன்பம் தீரவில்லை.

பின்னர்ப் 'பாவுகண்ட்ரோல்' என்னும் செயலியைத் திறந்து, பதிவை மீண்டும் ஓடவிட்டேன். அதில் ஒலியளவைக் காட்டும் பட்டை துள்ளிக்கொண்டிருந்தது! பதிவு கெடவில்லை, குரல் பிறந்துகொண்டுதான் இருந்தது. போய்ச் சேர்ந்த இடந்தான் பிழை. அவ்வாரம் புதிய திரையொன்றை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்திருந்தேன். ஒலியும் அக்கம்பி வழியே ஒலிபெருக்கியற்ற அத்திரைக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் கடிதம் போட்டதைப் போலத்தான்.

வெளியீட்டு வாயிலை மாற்றினேன்.

"சாப்பிட்டாயா?" என்று அன்னை கேட்டார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே இரண்டு நகல்கள் எடுத்து வைத்தேன்.