மின் கட்டணச் சீட்டு என்னும் ஆசான்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இரவில் பயணம் செய்வோர் இருவகை ஒளியைக் காண்பர். ஒன்று, மோட்டார் வாகனங்களையும் கைப்பேசிகளையும் செய்யும் ஆலைகளின் ஒளி. மற்றொன்று, அவ்வாலைகளில் உழைப்போர் தங்கும் வாடகை அறைகளின் ஒளி. 1957 ஜூலை முதல் நாளன்று சென்னை மாநில மின்சார வாரியமாகத் தோன்றிய அமைப்பின் வழிவந்த தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திற்கு இவ்விருவரும் வாடிக்கையாளரே. ஆயினும் இருவரும் ஒரே விதமாக நடத்தப்படுகிறார்களா?

ஆலையின் கட்டணச் சீட்டை நோக்குவோம். 2022ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி, காலை 6 முதல் 10 மணி வரையிலும், மாலை 6 முதல் 10 மணி வரையிலும் உயர் அழுத்த ஆலைகள் உபயோகிக்கும் மின்சாரத்திற்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. இரவு 10 முதல் விடியற்காலை 5 மணி வரை 5 விழுக்காடு தள்ளுபடி. திறன் காரணி 0.90க்குக் கீழே இறங்கினால் அதற்கும் தண்டம். ஆகவே ஆலையின் பொறியாளர் கெபாசிட்டர்களைப் பொருத்துகிறார். இயன்ற வேலைகளை இரவுக்கு மாற்றுகிறார். அவருக்கு எவரும் சிக்கனத்தை உபதேசிக்கவில்லை. சீட்டே அவருக்கு ஆசானாக அமைந்துவிட்டது.

வாடகை அறையில் இருப்பவர் நிலை வேறு. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. கட்டண விவரமும் அவருக்கே செல்கிறது. விசிறியை வாங்குபவர் ஒருவர்; அது ஓடும் செலவைத் தருபவர் மற்றொருவர். பழைய விசிறிக்கு 75 வாட் தேவை, புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் மாறி மாறி உறங்கும் அறையில் விசிறி நாளொன்றுக்கு 20 மணி ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னது 90 யூனிட் உண்ணும். பின்னது 36 யூனிட். இந்தக் கணக்கை அறிந்தவர் மாற்றும் உரிமை அற்றவர். உரிமை உடையவருக்கோ மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

மேலும், வீட்டு இணைப்பில் உபயோகம் 500 யூனிட்டைக் கடந்தால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த கட்டணச் சலுகை போய்விடுகிறது. பல அறைகள் ஒரே மீட்டரில் இருந்தால் இவ்வெல்லையைத் தாண்டுவது எளிது. அச்செய்தியோ அறுபது நாள் கழிந்த பின்னரே தெரிகிறது. வெள்ளம் வடிந்த பின் அணை கட்டி யாது பயன்?

2021இல் தொடங்கிய 'மின்னகம்' புகார் மையம் இரவு பகலாகக் குறைகளைக் கேட்கிறது. வரவேற்கத்தக்கதே. மின்தடைக்குப் பதில் சொல்லாத நிறுவனம் சிக்கனத்தைப் போதித்தால் செவிகொடுப்போர் யார்? நம்பிக்கை முந்தியது, அறிவுரை பிந்தியது. அடுத்த படியாக, முப்பதாம் நாளிலேயே உபயோகத்தின் அளவைத் தெரிவிக்கலாம். வீட்டுக்காரர் இசைவுடன் குடியிருப்பவருக்கும் தெரிவிக்கலாம். நல்ல விசிறியை வாங்கும் வீட்டுக்காரருக்குத் தவணை வசதி அளிக்கலாம்.

அதுவரை நேயர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை மீட்டரின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆலைக்குக் கிட்டிய ஆசான், அன்று உங்கள் இல்லத்திற்கும் வந்து சேர்வார்.