தண்டலில் தொலைகிற கன்னியாகுமரி

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே புறப்படும் கோவை, பெங்களூரு, மங்களூரு, திருவனந்தபுரம் விரைவு ரயில்கள் பேசின் பாலத்தைத் தாண்டியதும் வியாசர்பாடி ஜீவா நிலையத்தைக் கடந்தே செல்கின்றன என்பதும், அவை அங்கே நிற்பதில்லை என்பதும், அந்த நடைமேடையில் நிற்பவை மின்சார ரயில்கள் மட்டுமே என்பதும் இந்த அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய செய்திகள் அல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது இதே வடசென்னையின் இராயபுரத்திலிருந்துதான். இந்தியா முழுவதும் ஓடுகிற பல்லாயிரம் ரயில் பெட்டிகளை 1955 முதல் செய்து அனுப்பிக்கொண்டிருக்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஊர் சுற்றி வந்த பெட்டிகளைக் கழுவித் துடைத்து மறுபயணத்துக்கு அனுப்பும் பணிமனையும் பேசின் பாலத்தில்தான் இருக்கிறது. ரயிலைத் தொடங்கிவைத்த மண், பெட்டி செய்கிற மண், பெட்டி கழுவுகிற மண் என்று மூன்று பெருமைகளைச் சுமக்கும் இந்தப் பகுதியின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெட்டியில் படுத்து உறங்கியபடி ஒரு கடலையோ மலையையோ காணச் சென்றிருக்கிறார்கள் என்பதே இந்த மேடை எழுப்புகிற கேள்வி.

பயணம் என்றால் இங்கே சாவு வீட்டுக்குப் போவதும், கல்யாணத்துக்குப் போவதும், வேண்டுதலுக்குத் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போவதுமே என்று ஆகிவிட்டது. வேண்டுதல் பயணத்தைக் குறைத்துப் பேச இங்கே யாருக்கும் உரிமையில்லை. புரட்டாசியில் திருப்பதித் திருக்குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும்போது கூடுகிற கூட்டத்தையும், அவற்றின் பின்னால் திருமலைவரை கால்நடையாகவே செல்லும் உழைப்பாளிகளையும் கண்டவர்கள் பயண வேட்கை இந்த மக்களின் இரத்தத்தில் இல்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். இதே வடசென்னையின் தண்டையார்பேட்டையிலிருந்து 1830ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி, ஓராண்டுக்கு மேல் காசிவரை சென்று திரும்பித் தம் பயணத்தை நூலாகவும் எழுதிவைத்தார்; ஆனால் அவர் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் பதவி வகித்தவர், பல்லக்கும் பரிவாரமும் உடையவர். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தப் பல்லக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே காசிவரை நடந்தவர்களும் அதே ஊர்களையும் அதே ஆறுகளையும் கண்டவர்கள்தாம் என்றாலும், அவர்களின் பெயர்கள் எங்கே நிற்கின்றன?

இந்தப் பகுதியின் பிள்ளைகள் ஏன் கடலையோ மலையையோ காணப் போகவில்லை என்று கேட்டால், பணம் இல்லை என்பதே வழக்கமான விடை. அந்த விடை பாதி உண்மைதான். மீதிப் பாதி, பணம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது.

தண்டல் என்பது என்ன என்று வியாசர்பாடிக்கு விளக்கவேண்டியதில்லை எனினும், வெளியூரிலிருந்து வந்திருப்போர்க்காகச் சொல்லலாம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று எழுதிக்கொண்டு, முன்வட்டியாக ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒன்பதாயிரத்தைக் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரத்தையும் வசூலிக்கும் முறையே தண்டல் எனப்படும். மாலையில் வண்டியில் வருபவர் வாசலில் காலை ஊன்றியபடியே நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மடங்கிப் பழுத்துப்போன ஒரு சிறு அட்டையில் தேதிக்கு நேராகக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டே வருவதால் அந்த நூறு நாளும் கடன்பட்டவர் கையில் சராசரியாக நிற்பது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவே என்பதையும், அதற்கு மூன்று மாதத்துச் சில்லறை நாளில் ஆயிரம் ரூபாய் போகிறது என்பதையும் கணக்கில் கொண்டால், ஆண்டு வட்டி எண்பது விழுக்காட்டைத் தொடுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது என்று ஆண்டு முழுவதும் தண்டலில் இருக்கும் ஒரு வீடு, அசலைத் தவிர, ஏறத்தாழ 3,600 ரூபாயை வட்டியாகவே கொடுத்துவிடுகிறது.

அந்த 3,600 ரூபாய் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த அவை எண்ணிப் பார்க்கவேண்டும். எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு, முன்பதிவில்லாத சாதாரண வகுப்பில், ஒருவருக்கு 300 ரூபாய்க்கு மேல் கட்டணம் இல்லை. கணவன், மனைவி, கட்டணம் செலுத்தும் வயதுடைய இரு பிள்ளைகள் என்று நால்வர் போய்வர எட்டுச் சீட்டுகள். 2,400 ரூபாய் போதும். மீதி ஆயிரத்துச் சொச்சத்தில் சாப்பாடும் உண்டு, விவேகானந்தர் பாறைக்குப் படகும் உண்டு, 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும் உண்டு, அந்த இரண்டுக்கும் இடையே 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தில் காலுக்குக் கீழே கடலைப் பார்த்தபடி பிள்ளைகள் நடப்பதும் உண்டு. ஆண்டுதோறும் ஒரு குடும்பத்தின் கன்னியாகுமரி அந்தச் சட்டைப்பைக்குள் போய்க்கொண்டிருக்கிறது!

இதைச் சொன்னால் தண்டல் வாங்குவோரைக் குறைசொல்வதாகக் கொள்ளக்கூடாது. விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணுக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் அன்றைய முதல் அன்றைக்கே வேண்டும். வங்கி கேட்கும் காகிதங்கள் அவர்களிடம் இல்லாதபோது வாசலுக்கு வந்து கொடுப்பவரிடம் வாங்காமல் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆடம்பரத்துக்காகத் தண்டல் வாங்கியவர் இந்தப் பேட்டையில் அரிது.

ஆனால் வேறு மேடைகளில் வேறு விதமான அறிவுரை வழங்கப்படுகிறது. நாளுக்கு இரண்டு தேநீரைக் குறையுங்கள், பிள்ளைக்கு வாங்கித்தரும் பஜ்ஜியை நிறுத்துங்கள், அப்போது பணம் சேரும் என்று அங்கே சொல்லப்படுகிறது. கொளுத்தும் வெயிலில் துறைமுகச் சுமையை இறக்கியவன் குடிக்கும் தேநீர் செலவல்ல. அது அவனுடைய இயந்திரத்துக்கு எண்ணெய். இவ்வாறு அறிவுரை கூறுவோரில் பலர் எந்தச் சலுகையோடு ஊர் சுற்றுகிறார்கள் என்பதையும் அவை அறியவேண்டும். மைய அரசு ஊழியர்க்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நான்காண்டுக் காலத்தில் சொந்த ஊருக்கும், ஒருமுறை இந்தியாவின் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு சென்றுவரும் கட்டணத்தை அரசே திருப்பித் தருவதற்கு அப்பெயர். அது நல்ல ஏற்பாடு. அதை எவரிடமிருந்தும் பறிக்கவேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. மூட்டை தூக்குபவருக்கும், கட்டடத்தில் கல் சுமப்பவருக்கும், வீட்டுவேலை செய்பவருக்கும் அதில் பத்தில் ஒரு பங்காவது எங்கே என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பயனாக, ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமானது; அதே ஆண்டில், விடுமுறைக்குச் செல்லும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடியும் வந்தது; ஆலைப் புகையைத் தவிர வேறொன்றும் கண்டறியாத எத்தனையோ குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1918 ஏப்ரல் 27 அன்று, பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் இந்தப் பெரம்பூர்ப் பக்கத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்களே, வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் உடன் நின்றார்களே, அப்போது அவர்கள் முதன்மையாக முறையிட்ட குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. சோறு தின்னவே நேரம் கேட்டுப் போராடியவர்களின் பேரர்கள் இன்று கடல் பார்க்க நேரம் கேட்டால் அது பேராசையா?

அந்த 40 விழுக்காடு என்ற எண் இந்த அவைக்குப் பழகிய எண். அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டைக் கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் இந்திய ரயில்வே கட்டணச் சலுகை அளித்துவந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றைக் காரணமாகக் காட்டி அது நிறுத்தப்பட்டது. தொற்று போய்விட்டது, ரயில்கள் திரும்பிவிட்டன, கூட்டம் திரும்பிவிட்டது, சலுகை மட்டும் திரும்பவில்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் நாற்பது ஆண்டு உழைத்துவிட்டு, ஒருமுறையேனும் இராமேசுவரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்றிருக்கும் முதியவர்களிடமிருந்து எடுத்ததை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

முதியவர் என்றதும் இங்கே எடுத்துச் சொல்லவேண்டிய பெயர் ஒன்று உண்டு. கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு தேநீர்க் கடை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் அந்தக் கடையின் வருமானத்தைக் கொண்டே இருபத்தாறு நாடுகளைக் கண்டார்கள். வேலைக்கு ஆள் வைத்தால் கூலி போகும் என்று இருவரே அடுப்பும் பாத்திரமும் பார்த்தார்கள். நாள்தோறும் 300 ரூபாயைப் பயணத்துக்கென்று எடுத்துவைத்தார்கள். அது ஆண்டுக்கு ஒரு இலட்சத்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். போதாததற்குக் கடன் வாங்கினார்கள், போய்வந்தார்கள், மறுபடி தேநீர் ஆற்றிக் கடனை அடைத்தார்கள், அடைத்து முடித்ததும் அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டார்கள். 2007இல் எகிப்து உள்ளிட்ட நாடுகளுக்குப் போனதே அவர்களுடைய முதல் வெளிநாட்டுப் பயணம். அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது, செய்தி பரவியது, பிற்காலப் பயணங்களுக்குப் பிறர் உதவியும் கிட்டியது. 2021 அக்டோபரில் ரஷ்யா சென்று திரும்பி, நவம்பரில், எழுபத்தொரு வயதில் விஜயன் மறைந்தார்.

அவருக்கு வேட்டி சட்டை வாங்கப் பணமில்லாத நாள் இருந்திருக்கலாம்; பயணத்துக்கான அந்த 300 ரூபாய் எடுத்துவைக்கப்படாத நாள் அரிதாகவே இருந்திருக்கும். மிச்சப்படுவதைச் சேர்ப்போம் என்றிருந்தால் எந்தக் கடையிலும் எதுவும் மிச்சப்படாது. முதலில் எடுத்துவைத்து, அதற்குப் பயணம் என்று பெயரும் வைத்து, மீதியில் குடும்பம் நடத்தியதே அந்தக் கொச்சித் தம்பதியின் கணக்கு. அந்த மனிதரைப் போன்றோர் வயதான காலத்தில் உள்நாட்டில் ரயிலேறினாலும் முழுக் கட்டணம்தான் கட்டவேண்டும் என்ற நிலையை எண்ணும்போது, முன்னர்க் கூறிய 40 விழுக்காட்டை மறுபடியும் கேட்காமல் இந்த மேடையால் நகரமுடியவில்லை.

அப்படிப் பயணம் என்று பெயர் வைப்பதற்கு ஏற்ற பணம் ஒன்று வடசென்னைப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும் அந்தத் தொகை சிலிண்டரிலும் பள்ளிக் கட்டணத்திலும் மருந்திலும் கரைவது தவறன்று, அவை முதல் தேவைகள்தாம். எனினும் அந்த 888இல் 200 ரூபாயை மட்டும் பிரித்து, இது அம்மாவின் பயணப் பணம் என்று வீட்டார் அனைவரும் அறியச் சொல்லி வைத்தால், ஆண்டு முடிவில் 2,400 ரூபாய். மேலே சொன்ன எட்டுச் சீட்டுகளின் விலையும் அதுவே.

சேர்க்கும் வழி என்றால் சீட்டு. ஏலச்சீட்டின் கணக்கை இங்குள்ள தாய்மார்கள் வங்கி மேலாளரைவிட விரைவாகப் போடுவார்கள்: இருபது பேர், மாதம் ஆயிரம், மொத்தம் இருபதாயிரம்; அவசரக்காரர் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரத்துக்கு எடுத்தால், தள்ளிய நாலாயிரம் ஆளுக்கு 200 ரூபாயாகப் பிரிந்து, அந்த மாதம் எல்லாரும் 800 ரூபாய் கட்டினால் போதும். ஆகவே ஏலச்சீட்டில் முதலில் எடுப்பவர் இழக்கிறார், கடைசியில் எடுப்பவர் பெறுகிறார். பயணத்துக்குச் சீட்டுப் போடுவோர் கடைசியில் எடுப்போராக இருக்கவேண்டும். 1982ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் பணம் போட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் சீட்டுப் பிடித்தவர் வீட்டுக் கதவில் பூட்டைக் கண்டு திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பதிவு எண் கேட்பது அவமதிப்பு அல்ல. அதற்கும் அஞ்சுவோர் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புத் தொடங்கலாம். மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டி முடிவில் வட்டியோடு பெறுவதற்கு அப்பெயர். அஞ்சலகத்தில் அது ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் அடுத்த கோடைக்கு உதவாது. தண்டலைவிட்டு வெளியேற விரும்பும் தெருவோர வணிகர்க்கு 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தில், அடமானமின்றி வங்கி வழியாக, முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாயும், ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன. தண்டல்காரர் எழுதும் அதே பத்தாயிரம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்போர்க்குக் குழுக் கடன் உண்டு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த இயக்கம் இன்று இந்தத் தெருக்களிலும் இருக்கிறது.

ஆகவே தெருவுக்கு ஒரு பயணச் சீட்டு தொடங்கப்படவேண்டும் என்பதை இந்த அவை இன்றே முடிவு செய்யலாம். இருபது வீடு, மாதம் 300 ரூபாய், ஏலம் இல்லை, குலுக்கல் இல்லை, இடையில் எடுப்பதும் இல்லை. பணம் மூவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கும். பன்னிரண்டு மாதத்தில் வீட்டுக்கு 3,600 ரூபாய் சேரும். கூட்டத்தில் நின்றுகொண்டு போகமுடியாத முதியவர்க்கும் கைக்குழந்தைக்காரிக்கும் படுக்கை வசதி எடுக்க விரும்புவோர் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும்: 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன் அல்ல, 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பள்ளித் தேர்வுகள் முடிந்து மே முதல் வாரத்தில் புறப்படுவதானால் மார்ச் முதல் வாரம் காலை எட்டு மணிக்கு ரயில் சீட்டு எடுத்தாகவேண்டும். அதற்குப் பிப்ரவரிக்குள் பணம் கணக்கில் இருந்தாகவேண்டும். அதற்கு முந்தைய மார்ச்சில் முதல் 300 ரூபாய் விழுந்தாகவேண்டும். முதல் தவணையை வாங்கிக் கணக்கெழுத, மேடைக்கு இடப்பக்கம் மகளிர் குழுவினர் நோட்டோடு அமர்ந்திருக்கிறார்கள்.