மயிரிழையில் தப்பியவர்கள்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை நீண்டு செல்லும் ஏ-9 பெருந்தெரு மாத்தளை நகரத்தை ஊடறுத்துக்கொண்டு வடக்கே செல்கின்றது. இந்த வடபாதை முதலில் கால்நடையாக வந்தவர்களுக்கு உரியதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்கெனத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசிக்கும் நோய்க்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் வந்து தங்கிய ஊர் மாத்தளை. மாசி மகத் திருவிழாவில் முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் அடியார்கள் வடம் பிடிக்க ஆடி அசைந்து வீதியுலா வரும்போது, பஸ் வண்டிகளும் லொறிகளும் பொறுமையுடன் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். மெதுவாகச் செல்வதற்கு வேகமாகச் செல்வது வழிவிடும் வழக்கத்தை, ஆண்டின் மற்ற நாட்களில் இத்தெருவிலே தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த மற்ற நாட்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலாபத்வலைப் பக்கத்திலிருந்து மாத்தளை நகரிலுள்ள அலுவலகமொன்றுக்கு நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் வந்து போகும் எழுதுவினைஞர் ஒருவரை மனத்திலே நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்றோர் பலர் உளர். காலை ஏழு மணிக்குச் சற்று முன்பின்னாகப் புறப்படுகின்றார். சாப்பாட்டுப் பொதி பின் தாங்கியில் கட்டப்பட்டிருக்கின்றது. காற்சட்டையின் வலது காலை மடித்துச் சங்கிலியில் படாதவாறு பிடிப்பி போட்டிருக்கின்றார். தெருவின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள மண்ணுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு சாண் அகலமே அவருடைய இராச்சியம்.

அந்த ஒரு சாணும் எப்போதும் அவருடையதன்று. தார்த் தெருவின்மேல் காபட் இட்டுத் தளத்தை உயர்த்திய இடங்களில், விளிம்புக்கும் மண்ணுக்குமிடையே படி போன்ற இறக்கம் உண்டு. சில்லு அதில் ஒருமுறை இறங்கிவிட்டால் மீண்டும் ஏறுவது எளிதன்று. ஏற முயலும் வண்டி, தெருவின் உட்பக்கமாகச் சரிந்து விழும். மழைக்காலத்திலோ அந்த இறக்கம் நீரினால் மறைந்துவிடும். தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறிகளை ஏற்றிக்கொண்டு வரும் லொறிகள் ஒரு புறம். வாசனைத் திரவியத் தோட்டங்களின் வாயிலைக் கண்டதும் திடீரெனத் திரும்பும் உல்லாசப் பயணிகளின் வான்கள் மறுபுறம். ஏலமும் கறுவாவும் காட்டச் செல்லும் அவசரத்திலே, இடது ஓரத்தில் ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு வருவது எப்படிக் கண்ணிற்படும்?

பஸ் வண்டியின் காரியம் வேறு. அதன் சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றைய வசூலே அன்றைய கூலியை முடிவுசெய்கின்ற ஏற்பாடு பல இடங்களில் இருக்கின்றது. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால், அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப் பேரும் அந்த வண்டிக்குப் போய்விடுவர். ஆகவே அவர் எழுதுவினைஞரை முந்துகின்றார். முந்திய மறுகணமே இடப்பக்கம் வெட்டித் தரிப்பிடத்தில் நிறுத்துகின்றார். எழுதுவினைஞருக்கு முன்னே பஸ்ஸின் பின்புறச் சுவர், இடப்புறம் வடிகான், வலப்புறம், அந்தப் பஸ்ஸை முந்த விரையும் முச்சக்கர வண்டி. பிரேக்கை இறுகப் பிடிக்கின்றார். முன் சில்லு பஸ்ஸிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நிற்கின்றது. இறங்கியவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "பார்த்து வாங்க ஐயா!" என்று சொல்லிவிட்டுப் போகின்றார். பஸ் புறப்பட்டுவிடுகின்றது. சாரதிக்கு நடந்ததொன்றும் தெரியாது.

இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இச்சம்பவத்தில் இரத்தம் சிந்தவில்லை, எலும்பு முறியவில்லை. ஆகவே பொலிஸ் பதிவேட்டில் இதற்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கிலும் இல்லை. இலங்கையில் வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்து வந்திருக்கின்றனர்; அக்கணக்கை அரசாங்கம் வைத்திருக்கின்றது. ஒரு முழ இடைவெளியில் உயிர் தப்பியோரின் கணக்கை வைத்திருப்பவர் எவருமிலர். சாரதியோ அதனை அறியவேயில்லை. அறிந்தவர் ஒருவரே. அவரும் வீட்டுக்குப் போய் வாய் திறப்பதில்லை. "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று மனைவி கேட்டால், "ஒன்றுமில்லை, வெயில்" என்கின்றார். உண்மையைச் சொன்னால் நாளைக்குச் சைக்கிளைத் தொடவிடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணம் மாதக் கடைசியிலே எங்கே இடிக்கும் என்பதும் தெரியும்.

இவ்வாறு மறைத்துவைத்த பயம் கரைந்துவிடுவதில்லை. ஒரு நாள் அவர் தாமாகவே வண்டியைக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, தவணைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிடுகின்றார். இந்நாட்டில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்கள் எண்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அவை எல்லாம் வேகத்தின்மீது கொண்ட ஆசையினால் வாங்கப்பட்டவை என்று எண்ணுவது தவறு. மிதிப்பதற்கு அஞ்சி வாங்கியவர்களும் அவர்களுள் உளர்.

2022ஆம் ஆண்டு இதற்கொரு சோதனை போல வந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் எரிபொருள் முற்றும் அருகி, அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே விநியோகம் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அப்பொழுது நாடெங்கும் மக்கள் துவிச்சக்கர வண்டிகளைத் தேடினர். கடைகளில் அவற்றின் விலை பன்மடங்கு ஏறிற்று. தகப்பனார் காலத்து றலி, ஹம்பர் வண்டிகள்கூடத் துரு நீக்கி எண்ணெய் பூசப்பெற்று வெளிவந்தன. அந்தச் சில வாரங்களில் மிதித்தவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டனர்: வழியின் தூரம் அவ்வளவு பெரிதன்று, ஏற்றமும் அவ்வளவு கொடிதன்று. (ரத்தோட்டை வீதியின் ஏற்றங்களை இதிற் சேர்க்கவில்லை, அங்கே வண்டியில் ஏறிச் செல்வோரைவிடத் தள்ளிக்கொண்டு செல்வோரே அதிகம்.) எரிபொருள் மீண்டும் வந்தது; சைக்கிள்கள் மீண்டும் கொட்டிலுக்குட் போயின. சோம்பல்தான் காரணம் என்று சொல்வோருண்டு. வெறிச்சோடிய தெருவில் துணிந்து மிதித்த மனிதர், நிறைந்த தெருவில் மிதிக்கத் துணியவில்லை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மயிரிழையில் தப்பிய செய்தி சொல்லப்படாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு, தெருவிலிருந்து அன்று, ஆகாயத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனை அடுத்துள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிவந்த பிரயாணிகள் விமானமொன்று, மலையொன்றில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். நிலையத்திலிருந்து கிடைத்த உத்தரவை விமானிகள் ஒரு விதமாகப் பொருள்கொண்டு, இறங்கக்கூடாத உயரத்துக்கு இறங்கிவிட்டதே காரணம். விசாரித்தபோது வேறொரு செய்தி வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், மற்றொரு கம்பனியின் விமானம் அதே தவறான பொருளைக் கொண்டு, அதே மலையின்மேல் மயிரிழையில் தப்பிச் சென்றிருந்தது. அக்கம்பனி தன்னுடைய விமானிகளை மாத்திரம் எச்சரித்திருந்தது. மற்றக் கம்பனியின் விமானிகளுக்கு அது எட்டவில்லை.

அந்த 92 உயிர்களுக்குப் பின்னர், 1976ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. விமானியோ நிலைய உத்தியோகத்தரோ, தாம் தப்பிய ஆபத்தை எழுதி அனுப்பலாம். எழுதியவரின் பெயர் வெளியிடப்படமாட்டாது. அதனைப் பெற்று ஆராயும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமுள்ள இலாகாவிடம் கொடுக்கப்படாமல், 'நாசா' என்னும் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. அதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எவர் பிழை என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வர். எங்கே, எப்படி என்று கேட்டால் பேசுவர்.

துவிச்சக்கர வண்டிக்காரரிடமும் அவ்வாறு கேட்டுப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு ரேச்சல் ஆல்ட்ரெட் என்னும் பெண் ஆராய்ச்சியாளர், ஒரே ஒரு நாளில் வழியில் நேர்ந்த பயங்களையெல்லாம் குறித்துத் தருமாறு நாடெங்குமுள்ள சைக்கிளோட்டிகளைக் கேட்டார். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோர் குறித்தனுப்பினர். அதில் வெளிப்பட்ட ஓர் உண்மை வியப்புக்குரியது. மெதுவாக மிதிப்பவர்களே, சென்ற தூரத்தோடு ஒப்பிடும்போது, அதிகமான பயங்களுக்கு ஆளாகின்றனர். அதனால் பெண்களுக்கு நேரும் பயம் ஆண்களுக்கு நேர்வதைவிட மிகுதியாயிருந்தது. 'மெதுவாகப் போ, ஒன்றும் வராது' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பும் புத்திமதி, மோட்டார் வண்டிகள் விரையும் தெருவில் முழுவதும் செல்லுபடியாகாது போலும்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும். சாரதி ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கில் பதிவதற்கே ஒரு விநாடி ஆகும். எழுதுவினைஞர் குழியொன்றை விலக்கி ஒரு சாண் உள்ளே வந்ததும் அந்த ஒரு விநாடிக்குள் முடிந்துபோகின்ற காரியம். மேலும், வேகம் இருமடங்கானால் மோதும் வலிமை நான்கு மடங்காகும். இதனையெல்லாம் எண்ணியே, 2020ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக மகாநாடு, பாதசாரிகளும் சைக்கிள்களும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கூடாது என்று பிரகடனம் செய்தது. ஜெர்மனியில், நகரத்துள் சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டுமென்பது அதே ஆண்டில் சட்டமாயிற்று.

ஒல்லாந்தரின் நாடு இன்று சைக்கிள்களின் நாடு எனப் புகழ்பெற்றிருக்கின்றது. அது பிறவிக் குணமன்று. 1971ஆம் ஆண்டு அந்தச் சிறிய நாட்டில் 3,000க்கு மேற்பட்டோர் வீதிகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். அதற்குப் பின்னரே தனிப் பாதைகள் பெருகின. அத்தகைய பாதைகளை மாத்தளையின் ஒடுங்கிய தெருக்களில் உடனே கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு புறம் கடைகள், மறுபுறம் கடைகள். அவற்றின் முன்னே நிறுத்திய வண்டிகள். அவற்றின் கதவுகள் எந்தக் கணத்தில் திறக்குமென்று தெய்வத்துக்கே வெளிச்சம்.

ஆனால் சிறிய காரியங்கள் பல உண்டு. காபட்டின் விளிம்புக்குச் சமமாகச் சரளை மண் இட்டு நிரப்புவது சிறிய காரியம். வளைவுக்கு அருகேயுள்ள பஸ் தரிப்பிடத்தை முப்பது யார் தள்ளி வைப்பது சிறிய காரியம். வடிகானுக்கு மூடி போடுவதும் அவ்வாறே. எந்த விளிம்பு, எந்தத் தரிப்பிடம், எந்த வடிகான் என்று அறிவதுதான் கடினம். அந்த அறிவு நம் எழுதுவினைஞரிடம் இருக்கின்றது. அவரைப் போலவே அவ்வழியால் மிதிக்கும் தபாற்காரரிடமும், கடைச் சிப்பந்தியிடமும், உயர்வகுப்பு மாணவனிடமும் இருக்கின்றது. ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்குத் தெரியாது.

மாத்தளைக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தூரத்தில், அதே பெருந்தெருவின் ஓரத்தில் அலுவிகாரை இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் சூழ்ந்த வேளையில், அதுவரை வாய்மொழியாகவே போற்றப்பட்டுவந்த திரிபிடகம் அழிந்துபோகாதிருக்கப் பிக்குகள் அதனை ஏட்டில் எழுதிவைத்த இடம் அது. அந்தக் குகைகளின் முன்னால் நாள்தோறும் செல்லும் மனிதர், தமக்கு அதே இடத்தில் மூன்று முறை நேர்ந்ததை எழுதிவைப்பதில்லை.

எழுதிவைப்பது பெரிய வேலையன்று. அலுவலகத்திலும் பாடசாலையிலும் வரவுப் பதிவேடு வைக்கும் மேசை ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துவிடலாம். 'செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால், அலுவிகாரைத் தரிப்பிடத்துக்கு அருகில், பஸ் இடப்பக்கம் வெட்டியது' என்று ஒரு வரி போதும். பஸ்ஸின் இலக்கம் வேண்டாம். எழுதியவரின் பெயரும் வேண்டாம். ஒரு தவணை கழிந்து புரட்டிப் பார்த்தால், ஒரே இடத்தின் பெயர் எத்தனை முறை வந்திருக்கின்றதென்று தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களைப் பிரதி செய்து, மாநகர சபைக்கு ஒன்றும், பொலிஸ் போக்குவரத்துப் பகுதிக்கு ஒன்றும், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒன்றும் அனுப்பலாம். எண்பது பக்கக் கொப்பி ஒன்றும், அதிலே நூலினாற் கட்டிய எழுதுகோல் ஒன்றும் இதற்குப் போதுமானவை. நூல் கட்டாவிட்டால் எழுதுகோல் முதல் நாளே போய்விடும்.