ஆயாவின் பதிலும் மாணவியின் குறிப்பேடும்
இளங்கலை வகுப்பில் மத ஆய்வு: ஒரு நினைவுப் பேருரை



இன்று நாம் யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வீட்டுத் திண்ணையும் தெரிந்திருக்கும். மூன்றாமாண்டு ஆய்வேட்டை எப்படி எழுதுவது என்று தெரியாத சேரிப் பிள்ளைகள் அந்தத் திண்ணைக்குத்தான் வருவார்கள். "கட்டுரை அப்புறம், மொதல்ல நோட்டக் காட்டு" என்பார். நோட்டில் ஒன்றும் இல்லையென்றால் திட்டமாட்டார். பேனாவைக் கையில் கொடுத்துத் தெருவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். இந்த மன்றத்தில் எழுதிக்கொண்டிருக்கும் எங்களில் பலர் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தாம். எனவே அவர் கடைசிவரை செய்துவந்த அந்த வேலையைப் பற்றியே இன்று பேசலாம் என்று முடிவு செய்தோம். அதிலும் குறிப்பாக, மதத்தைப் பற்றி நம் பிள்ளைகள் செய்யும் ஆய்வைப் பற்றி.

ஒரு மாணவியின் கதையிலிருந்து தொடங்குகிறோம். இளங்கலை சமூகவியல் படித்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. தன் தெருவின் வழிபாட்டைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பினார். துறையில் சொன்ன பதில்: "உன் தெருவைப் பத்தி நீயே எழுதினா அது ஆய்வாகாது." அதே துறையில் தன் ஊர்க் கோயிலின் தலபுராணத்தை எழுதிய இன்னொரு மாணவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாணவி திண்ணைக்கு வந்தார், தெருவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். முதல் கேள்வியைத் தன் ஆயாவிடம் கேட்டார்.

"ஆயா, நம்ம என்னா மதம்?"

"சர்ட்டிபிகேட்டுல என்னா போட்டுருக்கானோ அதான்."

இந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் அன்று சிரித்தோம். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கு மேல ஒரு சமூகவியல் இல்ல, எழுதிக்கோ" என்றார். அந்தப் பதிலில் எவ்வளவு இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

தோழர்களே, நம் பல்கலைக்கழகங்களில் மதம் என்பது ஒரு கேள்வியாக இருப்பதில்லை. அது ஏற்கெனவே பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, கிறித்தவத்துக்கு ஒன்று, சமணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தேவையான துறைதான். ஆனால் ஒரே வீட்டில் மூன்று வழிபாடு நடக்கிறதே, அந்த வீட்டை எந்தத் துறை படிக்கும்? மதங்களை ஒருசேர வைத்துப் படிக்கும் துறையொன்று 1967இல் பட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அத்தகைய முயற்சிகள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

கேட்டால், மதச்சார்பற்ற நாட்டில் கல்லூரிக்குள் மதம் எதற்கு என்பார்கள். அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதப் போதனையைத் தடுக்கிறது. மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை. போதனை வேறு, ஆய்வு வேறு. ஆயுத பூசையன்று துறைக் கதவுக்குச் சந்தனம் பூசுவதற்கு வராத தயக்கம், அந்தப் பூசையைப் பற்றி ஒரு மாணவர் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

சமூகவியல் படித்த எங்கள் அனுபவமும் இதுதான். மதம் என்ற பாடத்தில் துர்க்கைம் வந்தார். 1912இல் வெளிவந்த அவருடைய நூல் ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் குலக்குறி வழிபாட்டை ஆராய்வது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. நாங்களும் போனதில்லை. ஆனாலும் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். எங்கள் தெருமுனையில் நின்றிருந்த கன்னிமாரைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லை. எழுத நேர்ந்தபோதும் அதற்குக் கிடைத்த பெயர் 'சிறுமரபு'. யாருக்குச் சிறிது, எதை வைத்துச் சிறிது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

நம் மதம் என்ன என்று மற்றவர்கள் கேட்காமல் இல்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி ஆணையர் கெய்ட் 1910இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்துக்கள் என்று எழுதப்படும் சாதிகளில் யார் யாரெல்லாம் பிராமணரின் மேன்மையை ஏற்கவில்லை, வேதத்தை ஏற்கவில்லை, கோயிலின் உள்ளே விடப்படுவதில்லை, இறந்தோரைப் புதைக்கிறார்கள், மாட்டிறைச்சி உண்கிறார்கள் என்று கண்டறியப் பத்து அளவுகோல்கள் அதில் இருந்தன. பிற்பாடு அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்த தம் 1948ஆம் ஆண்டு நூலில் இந்தச் சுற்றறிக்கையைச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஒரு படிவத்தின் கேள்விகள் மாறினால் நாட்டின் மதக் கணக்கே மாறும் என்பதை அந்தப் பத்துக் கேள்விகள் காட்டின. ஆயா சொன்ன 'சர்ட்டிபிகேட்' இங்கிருந்து தொடங்குகிறது.

அடுத்து ஆய்வாளர்கள் வந்தார்கள். மைக்கேல் மொஃபட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் செங்கல்பட்டுப் பகுதிச் சேரியொன்றில் தங்கி ஆய்வு செய்து 1979இல் நூல் வெளியிட்டார். சாதியின் அடித்தளத்தில் இருப்பவர்களும் அதன் மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டு, தங்கள் தெய்வங்களிலும் தங்களுக்குள்ளான உறவுகளிலும் அதையே படியெடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அதாவது நாம் சம்மதித்திருக்கிறோம் என்றார். இதற்கு மறுப்புகள் நிறைய வந்தன. நாங்களும் மேடைகளில் கோபமாக மறுத்திருக்கிறோம். ஆனால் கோபம் ஆய்வாகாது. சேரிக்குள் ஒரு தெருக்காரர்கள் கோயிலில் இன்னொரு தெருக்காரருக்கு, அருந்ததியருக்கு, இடமில்லாமல் இருப்பது நமக்குத் தெரியாதா? அதைப் பார்த்துச் 'சம்மதம்' என்று எழுதுவதா, வேறு எதுவாக எழுதுவதா என்பதை, அந்த இரண்டு தெருவிலும் போய் உட்காரக்கூடிய நம் மாணவர்தான் சொல்ல வேண்டும். நமக்குச் சங்கடமானதையும் அவர் எழுதட்டும். மறைத்து எழுதினால், மற்றவர் எழுதியதே நிற்கும்.

நம்மிடம் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரையை அம்பேத்கர் வாசித்தபோது அவருக்கு வயது 25. அதுவும் ஒரு மாணவர் வகுப்பில் வாசித்த கட்டுரைதான். அதற்கும் முன்னால், 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நாம் கொண்டாடும் பண்டிகை ஒவ்வொன்றையும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, யார் மாற்றினார்கள் என்று கேட்டார். அவருக்குப் பல்கலைக்கழகம் இல்லை. நிகண்டும் ஓலைச்சுவடியும் மக்கள் வழக்கும்தான் அவருடைய நூலகம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வந்தபிறகுதான் எங்கள் தலைமுறை அவரை முழுதாகப் படித்தது.

இங்கே எங்கள் தவறையும் சொல்லியாக வேண்டும். பண்டிதரின் முடிவுகளை நாங்கள் மாணவர்களுக்குக் கொடுத்தோம்; அவர் கேட்ட கேள்வியைக் கொடுக்கவில்லை. அதனால் எந்தச் சிலையைக் கண்டாலும் இது புத்தர் என்று எழுதிவிட்டு ஆய்வை முடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயிலை எடுத்துக்கொள்வோம். தொல்லியல் வல்லுநர் குழு அறிக்கையின் அடிப்படையில் அங்கிருப்பது புத்தர் சிலையே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் ஏற்று, அந்த இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் கொடுக்கச் சொன்னது. தாமரைப் பீடம், அமர்ந்த நிலை, தியானக் கைகள் என்று கல்லே சாட்சி சொல்லிற்று. நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதும்தான். ஆனால் ஒரு மாணவரின் வேலை அந்தத் தீர்ப்போடு முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. தலைமுறைகளாக முனியப்பன் என்று கும்பிட்டவர்கள் யார்? அவர்கள் எந்தச் சாதியினர்? அந்தப் பெயரில் உள்ள 'தலைவெட்டி'யை அவர்கள் எப்படி விளக்குகிறார்கள்? 'முனி' என்ற சொல் எதை நினைவில் வைத்திருக்கிறது? கல்லைக் கேட்டால் அது செதுக்கப்பட்ட காலத்தைச் சொல்லும். கும்பிட்டவரைக் கேட்டால்தான் இடைப்பட்ட காலம் தெரியும். நீதிமன்றத்துக்கு ஒரு பதில் போதும். ஆய்வுக்கு இரண்டும் வேண்டும். கும்பிட்டவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒதுக்கினால், 'சிறுமரபு' என்று சொன்னவர்களின் வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

இனி, இன்று நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

அந்த மாணவி மூன்று மாதம் தன் தெருவில் வீடு வீடாக உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா சபைக்குப் போகிறார். ஆடியில் அப்பா கூழ் ஊற்றுகிறார். ஆயா கன்னிமாருக்குப் படைக்கிறார். அண்ணன் சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டியிருக்கிறார். மாணவி இதைக் 'குழப்பம்' என்று எழுதவில்லை. யாருக்கு உடம்பு முடியாமல் போனபோது எது தொடங்கியது, யார் சமைக்கிறார்கள், எந்தச் செலவை யார் தருகிறார்கள், எந்த வாசலுக்குள் யாரை விடுவதில்லை என்று அட்டவணை போட்டார். பெரும்பாலான வீடுகளில் அந்த முடிவுகளைப் பெண்கள் எடுத்திருந்தார்கள். நோயும் கடனும் அவமானமும் வந்த நாட்களில் எடுத்திருந்தார்கள். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஆய்வேட்டைப் பார்த்த வழிகாட்டி, பின்னிணைப்பில் வீட்டுக்காரர் பெயர், கதவு எண், சபையில் எடுத்த புகைப்படம் எல்லாம் சேர்க்கச் சொன்னார். இல்லையென்றால் நம்பகத்தன்மை இல்லையாம். மாணவி மறுபடி திண்ணைக்கு வந்தார். அன்றுதான் ஆசிரியர் கோபப்பட்டு நாங்கள் பார்த்தோம்.

காரணம் இதுதான். பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்து என்ற சொல்லோடு கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு வேலைக்காக இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று பெறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீண்டாமை சபைக்குள்ளும் வருகிறது, கல்லறைத் தோட்டத்தில் சுவராகவும் நிற்கிறது. சான்றிதழ் மட்டும் சபை வாசலோடு நின்றுவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். கதவு எண்ணோடும் புகைப்படத்தோடும் கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஓர் ஆய்வேடு யார் கையில் என்னவாகும்? பக்கத்து வீட்டுப் பையனின் கல்வி உதவித்தொகை, ஒரு பெண்ணின் அரசு வேலை, எல்லாமே நம் மாணவர் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு பின்னிணைப்பில் தொங்கும். "சர்ட்டிபிகேட்டுல என்னா போட்டுருக்கானோ அதான்" என்று ஆயா சொன்னது நகைச்சுவை இல்லை. கேட்பது பேத்தியே ஆனாலும், கையில் நோட்டு இருந்தால் எச்சரிக்கையாகப் பேச வேண்டும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆகவே மாணவர்களே, சில நடைமுறைகளைச் சொல்கிறோம். பெயரையும் மதத்தையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். ஊர்ப் பெயரை மாற்றுங்கள். மாற்றினால் போதாது, அடையாளம் காட்டும் ஏரியையும் மலையையும் சேர்த்து மாற்றுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். "இது வேணாம், எழுதாத" என்று ஒருவர் சொன்னால், அது உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த வரியாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். பதிவு செய்த குரலை யாருக்கும் கைபேசியில் அனுப்பாதீர்கள். எழுதி முடித்ததும் கொடுத்தவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். இதனால் நம்பகத்தன்மை குறையாது. சொந்தத் தெருவை எழுதுகிறவர் மற்றவரைவிடக் கூடுதலாக அறிவார். கூடுதலாகப் பொறுப்பும் ஏற்கிறார்.

அந்த மாணவி பின்னிணைப்பைச் சேர்க்கவில்லை. மதிப்பெண் குறைந்தது. இது சின்ன விஷயமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டு இளங்கலைத் திட்டத்தில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வுக்குப் போகலாம் என்றிருக்கிறது. ஆய்வு என்பது மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசு என்றால், தெருவை அறிந்தவர் வெளியே நிற்பார். ஆய்வேடு அச்சடித்தே விற்கும் நகல் கடைகளுக்கு நம் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உன்னால் ஆய்வு செய்ய முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஏன் விலைக்கு வாங்கினாய் என்று கேட்கிறோம்.

இந்த மன்றத்தின் சார்பில் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். திண்ணை காலியாக இருக்கக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களில் இரண்டு பேர் மன்ற அறையில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் எந்தக் கல்லூரியாக இருந்தாலும், எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும் வரலாம். கட்டுரை வேண்டாம், நோட்டைக் கொண்டு வாருங்கள். பெயர்களை நீக்கிய பிறகு உங்கள் ஆய்வேட்டின் ஒரு படி இங்கே பாதுகாக்கப்படும். அடுத்து வரும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் போகட்டும்.

நாம் எந்த மதம் என்று இதுவரை படிவங்கள் கேட்டன, நீதிமன்றங்கள் கேட்டன, அயல்நாட்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். பேத்தி கேட்டபோதும் ஆயா படிவத்தின் பதிலையே சொன்னார். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மாணவி எழுதியிருந்ததைச் சொல்லி விடைபெறுகிறோம். மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, நோட்டை மூடிவைத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது ஆயாவே தொடங்கினாராம். கன்னிமாரை எங்கிருந்து கொண்டுவந்தோம், யாருக்குப் பயந்து இடம் மாற்றினோம் என்று விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் பேசினாராம். அதை எழுதட்டுமா என்று பேத்தி கேட்டிருக்கிறார். "பேர் போடாம எழுது" என்றாராம் ஆயா.

ஜெய் பீம்.