மார்பகப் புற்றுநோயும் நாம் படிக்க வேண்டிய இரு நூல்களும்

(நம் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சபையிற் பேசப் பலரும் கூசுவதாகும். அக்கூச்சத்தால் எம் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பே எம்மை இங்கு நிறுத்தியது. எம் தமையனாரின் மனைவியார், எம்மைத் தாய்போல் வளர்த்தவர், தம் மார்பில் தோன்றிய சிறு கட்டியைப் பதினொரு மாதம் ஒருவருக்கும் சொல்லாது மறைத்தார். சொன்னால் எலும்பு தெரிய மார்பை அறுத்தெடுத்துவிடுவர் என்று எவரோ கூறியதை அவர் நம்பியிருந்தார். நோய் வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அவர் அஞ்சிய ரண சிகிச்சையோ, வைத்தியர்களால் நெடுங்காலம் முன்னரே கைவிடப்பட்டதொன்றாம். அவர் மறைந்தபின் இரு நூல்களைப் படித்தே இதனை அறிந்தோம்.

அவற்றுள் ஒன்று, சித்தார்த்த முகர்ஜி என்னும் வைத்தியர் 2010-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' என்பது. இது புற்றுநோயின் சரித்திரத்தை முழுதும் கூறுவது. 2011-ல் புலிட்சர் பரிசு பெற்றது. மற்றொன்று, ராபர்ட் பேசல் என்னும் பத்திரிகையாளர் 1998-ல் எழுதிய 'ஹெர்-2'. இஃது ஒரே மருந்து பிறந்த கதை. யாம் வைத்தியம் கற்றவரல்லேம். கற்றோர் எழுதியவற்றால் அறிந்ததையே கூறுகின்றோம்.

அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் ரண வைத்தியர் மார்பு முழுவதையும், அதன் கீழுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே நீக்கும் முறையை வகுத்து, 1894-ல் அதன் பலனை வெளியிட்டார். பேராசிரியர் சொன்னார் என்பதனாலேயே ஏறத்தாழ எண்பது ஆண்டு அம்முறை கேள்வியின்றி நின்றது. பெண்கள் தோள் குழிந்து, கை வீங்கி வருந்தினர்.

பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்ட் ஃபிஷர் அதனைச் சோதிக்கத் துணிந்தார். அவருடைய குழுவினர் 1971 தொடங்கி 1,665 பெண்களைக் குலுக்கல் முறையாற் பிரித்து, சிலர்க்கு ஹால்ஸ்டெட் முறையையும், சிலர்க்கு மார்பை மட்டும் நீக்கும் முறையையும் செய்வித்தனர். சக வைத்தியர் பலர் எதிர்த்தனர். 25 ஆண்டு தொடர்ந்து கணக்கிட்டும், உயிர் தரித்திருந்தோர் தொகையிற் கருதத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் சிகிச்சை செய்தலும் தக்கவர்க்கு அதே பலனைத் தருமென்பது 1976-ல் தொடங்கிய மற்றொரு சோதனையால் தெளிவாயிற்று. பெரியோர் வாக்காயினும் சோதித்தே கொள்ளல் வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? வள்ளுவப் பெருந்தகை அறிவுக்கு வகுத்த இலக்கணமும் இதுவே.

மருந்துகளின் கதையும் இத்தகையதே. 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் அம்மையார் ஒரு பொருளைச் செய்தார். கருத்தடைக்கென ஆராயப்பட்ட அது, அதற்குப் பயன்படவில்லை. பின்னர் மான்செஸ்டர் நகரில் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகள் 46 பேர்க்குக் கொடுத்துப் பார்த்தபோது 10 பேர்க்குக் குணம் தெரிந்ததென 1971-ல் வெளியிட்டனர். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் டமாக்சிஃபென். ஹார்மோனை ஏற்கும் தன்மையுடைய கட்டிகட்கே அது பயன்படும். அத்தன்மை இல்லாதவற்றிற்குப் பயன்படாது.

ஹெர்-2 என்னும் புரதம் சில கட்டிகளில் அளவுக்கு மிஞ்சியிருக்கும். அவை விரைந்து பரவுவன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டிகள் இவ்வகையின. டென்னிஸ் ஸ்லேமன் என்பார் 1987-ல் இதனை எடுத்துக் காட்டினார். மருந்து செய்ய வேண்டிய கம்பெனியோ தயங்கியது. ஸ்லேமன் பிறர் நன்கொடை பெற்று ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மருந்து சோதனையிலிருந்த காலத்தே, அதனைத் தமக்கும் தருமாறு பெண்கள் கிளர்ச்சி செய்தனர். 469 பெண்கள் உடன்பட்ட சோதனையில், இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர் கூடுதலான காலம் வாழ்ந்தனர். 1998-ல் அமெரிக்க அரசாங்கம் அதனை அங்கீகரித்தது. அதுவே ஹெர்செப்டின். இருதயத்தைத் தளர்த்தும் குற்றமும் அதற்குண்டு. ஆதலால் இருதயத்தைப் பரிசோதித்துக்கொண்டே கொடுப்பர். நோயின் தொடக்கத்திற் கொடுத்தால் அது மீளத் தோன்றுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றதென 2005-ல் அறிந்தனர். தொடக்கத்தில் மிக்க விலையுடையதாயிருந்த அதற்கு, 2014-ல் நம் நாட்டிலேயே செய்த ஒப்பு மருந்தும் விற்பனைக்கு வந்தது.

சகோதரிகளே, இவற்றால் நாம் கொள்ள வேண்டுவன யாவை? கட்டி தோன்றினால் மறைக்கலாகாது. கட்டி யாவும் புற்றுநோயல்ல. ஆயினும் சோதித்தறியாமல் விடலாகாது. நோயெனத் தெரிந்தால், "இது எவ்வகை? ஹார்மோனை ஏற்பதா? ஹெர்-2 மிகுந்ததா? மார்பைக் காத்துச் சிகிச்சை செய்ய இயலுமா?" என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். அடுத்த வீட்டாருக்குப் பலித்த மருந்து நமக்கும் பலிக்குமென எண்ணுதல் கூடாது. சகோதரர்களே, உங்கள் மனைவியரும் தாய்மாரும் அஞ்சாது சொல்லும்படி நடந்துகொள்வது உங்கள் கடமை.

இவ்விரு நூல்களையும் வாங்கி நம் சங்க வாசகசாலையில் வைத்திருக்கின்றோம். ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்கள் படித்து, வீட்டிலுள்ள மாதர்க்குத் தமிழில் எடுத்துரைப்பாராக. எம் அண்ணியாருக்கு அதனைச் சொல்வார் ஒருவரும் இலராயினர். நம் குடும்பங்களில் இனி எவரும் அங்ஙனம் பயந்து மௌனமாயிருத்தல் வேண்டா.