காலிப் பாத்திரத்தின் மேல் அரை டன்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிளஸ் டூ படிக்கும் மூன்று பிள்ளைகள், அறிவியல் கண்காட்சிக்காக ஏசி மெக்கானிக் ஒருவரிடம் பழைய வாக்குவம் பம்ப் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள். அதை ஒரு பாத்திரத்தோடு இணைத்து, உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு, அடுப்பே இல்லாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டப் போகிறார்கள். அதற்கு மொட்டை மாடி அறையைக் கேட்கிறார்கள். "ஏதாவது வெடித்தால் யார் பொறுப்பு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். இதற்கும் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. 25 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. உள்ளே காற்றை எடுத்துவிட்டால் அந்த மூடியின் மேல் ஏறும் சுமை ஏறக்குறைய அரை டன். பிள்ளைகள் முதலில் பழைய மீன்தொட்டியை யோசித்தார்கள். அதில் 45-க்கு 30 செ.மீ. கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் 1,350 கிலோ! கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி, சில்லுகள் எதிர்ப்பக்கம் தெறிக்கும். பெல் தொழிற்சாலையில் செய்யும் பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். இங்கே வெளியிலிருந்து உள்ளே தள்ளும். ஆகவே பயப்பட வேண்டியது பம்ப்புக்கு அல்ல, பாத்திரத்துக்கு.

இது பழைய பாடம். ஜெர்மனியில் மக்டபர்க் நகரின் மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, 17-ஆம் நூற்றாண்டில் முதலில் பீர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதை பம்ப்பால் இறைத்துப் பார்த்தார். மரத்தின் இடுக்குகள் வழியே காற்று சத்தத்தோடு உள்ளே புகுந்தது. அடுத்து செம்பு உருண்டையில் முயன்றார்; அது பெருஞ்சத்தத்தோடு நசுங்கியது. பிறகுதான் உறுதியான உருண்டை செய்து வெற்றி கண்டார். நம் நாட்டில் மேக்நாத் சாஹா கல்கத்தாவில் சைக்ளோட்ரான் அமைத்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த வாக்குவம் பம்ப்புகள் உலகப்போரில் கப்பலோடு கடலில் மூழ்கின. அவருடைய குழுவினர் இங்கேயே பம்ப் செய்ய முயன்றார்கள். வேலை பல வருடம் இழுத்தது. வெற்றிடம் யாருக்கும் சுலபமாகக் கிடைத்ததில்லை.

இனி, பிள்ளைகள் செய்ய வேண்டியது. பாத்திரம் உருளையாக இருக்கட்டும்: பக்கம் 3 மி.மீ., அடித்தகடு 6 மி.மீ. எவர்சில்வர். திருச்சி மாவட்டத்தில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மூடிக்கு 20 மி.மீ.க்குக் குறையாத, கீறலில்லாத புது அக்ரிலிக். அதில் துளை போடக்கூடாது. குழாய் இணைப்பெல்லாம் பாத்திரத்தின் பக்கத்தில் இருக்கட்டும். மூடியை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், மெல்லிய விரிசல் விழும். ஹோஸ் தடித்ததாக, குட்டையாக இருக்க வேண்டும். தோட்டத்து ஹோஸ் சப்பிப் போகும். பார்க்கும் எல்லோருக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம்.

கேஜ் முள் பாதியில் நின்றால் பழைய பம்ப்பைத் திட்டாதீர்கள். பம்ப் வெளியே எடுப்பது செலவு, கசிவில் உள்ளே வருவது வரவு. முள் காட்டுவது இருப்பு. வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் பக்கம் பக்கமாகத்தானே தேடுவோம்? முதலில் பம்ப்பில் நேராக கேஜை மாட்டிப் பாருங்கள். பிறகு ஹோஸோடு. கடைசியில் பாத்திரத்தோடு. எந்த இடத்தில் இருப்பு மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சோப்பு நுரை இங்கே உதவாது, காற்று உள்ளே போகிறதே தவிர வெளியே வருவதில்லை. ஒவ்வொரு இணைப்பாக கிரீஸ் தடவி முள்ளைப் பாருங்கள். வால்வை மூடி பத்து நிமிடம் விட்டால், கசிவு இருந்தால் முள் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகும்; வெறும் ஈரம் என்றால் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். முதலில் பாத்திரத்தின் வால்வை மூடு. பிறகு பம்ப்பை நிறுத்து. உடனே பம்ப் பக்கம் காற்றை விடு. வரிசை மாறினால் பம்ப் எண்ணெய் பாத்திரத்துக்குள் ஏறிவிடும். மூடியை நெம்பவே கூடாது. காற்று வால்வை மெதுவாகத் திறந்தால் அதுவே விடும்.

30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் சுமார் 3 செ.மீ. பாதரச அளவுக்கு இறங்க வேண்டும். வெளியே இருப்பது சுமார் 76. கொதிக்கும் அந்தத் தண்ணீர் சுடாது, குளிரும். நம் வீட்டு ஏசியில் கேஸ் நிரப்புமுன் மெக்கானிக் வாக்குவம் போடுவதும் இதற்குத்தான்: குழாயிலிருக்கும் காற்றோடு ஈரமும் ஆவியாகி வெளியேற. அந்த ஆவி பம்ப் எண்ணெயில் கலந்தால் எண்ணெய் பால்போல வெளுக்கும். சோதனை முடிந்ததும் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். மாடி அறையைக் கொடுப்போம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, எர்த் உள்ள மூன்று பின் பிளக் வேண்டும், பம்ப் புகை போக ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனை போடுவோம். தடை போட்டால் இதே பம்ப் ஏதோ ஒரு படுக்கையறையில், யாருக்கும் தெரியாமல், மீன்தொட்டியோடு ஓடும். அதுதான் எனக்குப் பயம். உடனிருக்கும் பெரியவராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.