நெய்தல் நிலமும் ஒளிப்படக் கருவியும்



பத்தாண்டுகளாகச் சொல்லையே பொருளாகக் கொண்டு கூடிவரும் ஓர் அவையில் சொல்லற்ற ஒரு கலையைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் கடற்கரையைப் பாடுவோரும் கடற்கரையில் படம் எடுப்போரும் ஒரே நிலத்தில், பெரும்பாலும் ஒரே பொருள்களின் முன் நிற்பவர்கள். வேறுபாடு ஒன்று உண்டு. கரையில் புன்னை இல்லை என்றாலும் கவிஞர் தம் பாட்டில் ஒரு புன்னையை நட்டுவிடலாம். ஒளிப்படக் கலைஞர்க்கு அந்த உரிமை இல்லை. எதிரே இருப்பதுதான் படத்தில் விழும். இக்கட்டுப்பாடு அக்கலையின் குறையன்று. கவிஞர்க்கும் அது பயன்படும் என்பதே இவ்வுரையின் கருத்து.

முதற்பொருளில் தொடங்கலாம். நெய்தலுக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது எற்பாடு. கதிர் சாயும் அந்நேரத்தையே ஒளிப்படக் கலைஞரும் விரும்புவர். உச்சி வேளையில் ஒளி செங்குத்தாக இறங்குவதால் மணல் வெளுத்துத் தட்டையாகிவிடுகிறது. சாய்ந்த ஒளியிலோ ஒவ்வொரு காலடிச் சுவட்டுக்கும், நண்டு வளையின் விளிம்புக்கும்கூட நிழல் கிடைக்கிறது. சோழமண்டலக் கரையில் இதற்கு மற்றொரு தன்மையும் உண்டு. இங்கே மாலைக் கதிர் கடலில் இறங்குவதில்லை. ஊருக்குப் பின்னால் மறைகிறது. கடலை நோக்கி நிற்பவரின் முதுகுப்புறத்திலிருந்து வரும் ஒளி, திரும்பிவரும் படகின் முகப்பிலும் படகில் இருப்போரின் நனைந்த முகங்களிலும் நேரே விழும். விடியலில் நிலைமை தலைகீழ். கடலிலிருந்து எழும் கதிருக்கு முன்னே ஆட்கள் வெறுங் கருநிழல் ஆவர். அழகான படம் கிடைக்கும். ஆள் யார் என்பது தெரியாது. சென்னைக் கடற்கரையில் மாலைக் கதிரவனைக் கடலுக்குள் மூழ்கவைத்த புதுக்கவிதைகள் இல்லாமல் இல்லை. எழுதியவர் ஒருநாள் கருவியோடு அங்கே நின்றிருந்தால் அப்பிழை நேர்ந்திராது.

'எதிரே இருப்பதுதான் விழும்' என்ற விதிக்கு விலக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். 1850களில் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, வானும் கடலும் ஒரே கண்ணாடித் தகட்டில் ஒழுங்காகப் பதிவதில்லை. அக்காலத் தகடுகளின் மருந்து நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், கடல் தெளிந்தால் வானம் வெளுத்துப்போகும். எனவே அவர் தம் படங்கள் சிலவற்றில் வானை ஒரு தகட்டிலும் கடலை மற்றொன்றிலும் எடுத்து, ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். கண்ணுக்குத் தெரிந்ததைக் கருவி காட்ட மறுத்ததால் செய்த வேலை அது. இல்லாத புன்னையை நடுவதோடு அதை ஒப்பிட இயலாது.

கருப்பொருளுக்கு வருவோம். அடும்புக்கொடி நம் கரைகளில் இன்றும் படர்கிறது. குறுந்தொகையின் 243ஆம் பாடல் அதன் பிளவுபட்ட இலைக்கு மானின் அடியையும், பூவுக்குக் குதிரை மாலையின் மணியையும் உவமை காட்டுகிறது. நின்ற நிலையில் எடுத்த படத்தில் இந்த உவமை புலப்படாது. பச்சைப் பரப்பு ஒன்றே தெரியும். கருவியை மணலோடு மணலாக வைத்து, காலை வேளையில், பூ வாடுமுன் எடுக்கவேண்டும். அப்போதுதான் இலை குளம்பாகிறது, பூ மணியாகிறது. பாடிய புலவர் எவ்வளவு தாழ்ந்து பார்த்திருக்கிறார் என்பதும் விளங்குகிறது. உரைநூல்கள் தராத ஒரு விளக்கம் இது.

ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதி இன்னும் நெருங்கிய உறவுடையது. வெள்ளாங்குருகுப் பத்தில் குருகின் பிள்ளையைக் காணச் சென்ற நாரை பத்துப் பாடல்களிலும் வருகிறது. தொடக்க அடிகள் மாறுவதில்லை. பின்வருவது மட்டும் மாறுகிறது. இவ்வமைப்பைக் கூறியது கூறல் எனத் தள்ளுவோர், ஒரே பறவையை ஒரே இடத்திலிருந்து பத்து நாள் படம் எடுத்த ஒருவரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும். சட்டகம் நிலையாக நின்றால்தான் உள்ளே மாறுவது கண்ணில் படும். நூறு இடங்களுக்கு ஓடி நூறு படம் எடுப்போர்க்கு இது வாய்ப்பதில்லை.

உரிப்பொருளில்தான் சிக்கல் பெரிது. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள். ஆனால் பாட்டில் இரங்கும் தலைவிக்குப் பெயர் கிடையாது. சுட்டி ஒருவர் பெயர் கூறலாகாது என்பது அகத்திணை மரபு. ஒளிப்படம் முகத்தையே காட்டிவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் எடுக்கப்பட்ட படங்கள் உலகெங்கும் சென்றன. உதவி வருவதற்கு அவை துணைசெய்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிணத்தருகே அமர்ந்திருந்த தாயிடம் இசைவு கேட்டவர் எத்தனை பேர்? இரங்கலைப் பெயரின்றிப் பாடிய மரபுக்கு உரியோர், முகத்தோடு காட்டும் கலையைக் கையாளும்போது சற்றுத் தயங்குவதே முறை.

மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் திறக்கப்பட்டது. அங்கு வருவோர் விரும்பிப் படம் எடுக்கும் காட்சிகளுள் அது ஒன்று. சிலை கேள்வி கேட்பதில்லை. கரைவலையின் இரு தலைப்புகளையும் பற்றி, மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்கும் கூட்டம் கேட்கும்: "எதுக்கு எடுக்கறீங்க? யாருக்குக் காட்டப் போறீங்க?" விடை சொல்லிவிட்டு எடுப்பவரின் படத்தில் முகங்கள் வேறாக இருக்கும்.

அச்சிலைக்கு எதிரே விரிந்திருக்கும் மணலையும் இயற்கை என்று எண்ணியே பலரும் படம் பிடிக்கின்றனர். அது பெரும்பகுதி துறைமுகம் தந்தது. 1876இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பின், தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகரும் மணல் அதன் சுவரில் தடைபட்டு மெரினாப் பக்கம் சேர்ந்தது. வடக்கே சேரவேண்டிய மணல் சேரவில்லை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். மணலின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்தவர் மறுபக்கத்தையும் எடுத்தால்தான் அது ஒரு கரையின் படமாகும். தொகுப்புகளையும் நாட்காட்டிகளையும் புரட்டினால் தென்பக்கமே மிகுதி.

கவிதைகளிலும் அவ்வாறே. புன்னையும் தாழையும் ஞாழலும் இன்றைய நெய்தற் கவிதைகளில் தவறாமல் பூக்கின்றன. வடசென்னையின் கல் தடுப்பு பூப்பதில்லை. அந்தக் கற்களின் இடுக்குகளில் நண்டுகள் ஓடுகின்றன. மேலே வலை உலர்கிறது. மாலையில் மேற்கிலிருந்து வரும் ஒளி அங்கும் கற்களின் மேல் செம்மையாகவே விழுகிறது. வட்டத்தின் அன்பர்கள் அடுத்த கூட்டத்தை ஒரு மாலை அங்கே நடத்தலாம். கருவி உள்ளோர் எடுத்துவரட்டும். இல்லாதோர் தாளும் எழுதுகோலும் கொண்டுவரட்டும்.